ஆர்லாண்டோவில் ஆறு பேருக்கு ஒரு சூட்: தப்பு எங்கே நடக்கிறது?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஸ்பிரிங் பிரேக் விடுமுறை. டிஸ்னி, யுனிவர்சல் என்ற பெரிய தீம் பார்க்குகள் இருக்கும் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குப் போகலாம் என்று முடிவானதும் புக்கிங் தளத்தில் ஆறு பேர் என்று போட்டேன். 'ஃபேமிலி சூட் (குடும்பமாகத் தங்கும் பெரிய ஓட்டல் அறை), டிஸ்னிக்கு அருகில்' என்று வந்தவற்றில் விலை குறைவானதைப் பிடித்துப் பணத்தையும் கட்டிவிட்டேன். மொத்தமே பத்து நிமிட வேலை.

போய்க் கதவைத் திறந்தால் ஒரே ஹால். நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு கட்டில், இந்தப் பக்கம் விரித்தால் படுக்கையாகும் ஒரு சோபா. அவ்வளவுதான் சூட். அப்பா ஒன்பது மணிக்குப் படுத்து ஒன்பது ஐந்துக்குக் குறட்டையை ஆரம்பிப்பவர். சின்னவளுக்குப் பத்தரைக்கு முன் தூக்கம் வராது. பாத்ரூம் ஒன்றே ஒன்று. காலையில் ஆறு பேரும் குளித்துக் கிளம்பிப் பார்க் வாசலுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. வாங்கிய டிக்கெட்டில் நல்ல நேரம் முழுக்கப் போய்விட்டிருந்தது.

'ரூமிலா உட்காரப் போறோம், படுக்க ஓர் இடம் இருந்தா போதாதா' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. நானும் அப்படி நினைத்தவன்தான். பார்க்கில் பகல் எப்படிப் போகும் என்பது முந்தைய ராத்திரித் தூக்கத்தையும் அன்றைய காலைக் குளியலையும் பொறுத்தது என்று பட்ட பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் நண்பர்கள் யார் ஆர்லாண்டோ பற்றிக் கேட்டாலும் நட்சத்திர ரேட்டிங்கைப் பற்றி நான் பேசுவதில்லை. அறைக்குள் எத்தனை கதவு, எத்தனை பாத்ரூம், பார்க் வாசலுக்கு எத்தனை நிமிடம், இந்த மூன்றையும்தான் முதலில் கேட்கச் சொல்கிறேன்.

'சூட்' என்ற சொல்லை நம்புவது

அமெரிக்க ஓட்டல்களில் சூட் என்றால் இன்னதுதான் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஒரே அறையில் ஒரு மூலையில் சோபா போட்டிருந்தாலும் அது சூட். கதவு வைத்த தனிப் படுக்கையறையும் ஹாலும் இருந்தாலும் அதுவும் சூட். பெயரில் சூட்ஸ் என்று இருக்கும் சங்கிலி ஓட்டல்கள் சிலவற்றில் எல்லா அறையும் தடுப்பு வைத்த ஒற்றை அறைதான். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, நாம் படிக்காமல் விடுவதுதான். அறையின் தள வரைபடம் இருக்கிறதா என்று தேடுங்கள். 'தனிப் படுக்கையறை' என்று எழுத்தில் இருக்க வேண்டும். படத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். கேமராவை மூலையில் வைத்து எடுத்தால் எந்த அறையும் மைதானம் மாதிரித்தான் தெரியும்.

அடுத்தது 'ஆறு பேர் தங்கலாம்' என்ற வரி. அதே ஆறு பேர் கணக்கில் இரண்டு உதாரணம் சொல்கிறேன். டிஸ்னியின் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஓட்டல் 2012இல் திறந்தது. அங்கே 1,120 ஃபேமிலி சூட்கள். கதவு வைத்த ஒரு படுக்கையறை, ஹாலில் சோபா படுக்கை ஒன்று, சாப்பாட்டு மேசையையே கீழே இறக்கினால் கட்டிலாகும் ஏற்பாடு ஒன்று, அப்புறம் முக்கியமாக இரண்டு பாத்ரூம். யுனிவர்சலின் கபானா பே ஓட்டல் 2014இல் வந்தது. அங்கே ஃபேமிலி சூட்டில் இருவர் படுக்கும் குயின் கட்டில் இரண்டும் ஒரு சோபா படுக்கையும். பாத்ரூம் ஒன்றுதான், ஆனால் ஷவர், கழிப்பறை, வாஷ்பேசின் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் பல் தேய்க்கலாம். வயதானவர்கள் இல்லாத குடும்பத்துக்கு அது தாராளம். விலையும் ஆர்ட் ஆஃப் அனிமேஷனைவிட நன்றாகவே குறையும். தாத்தா பாட்டியோடு போகிறவர்கள் இரண்டாவது பாத்ரூமுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்பது என் கட்சி. ராத்திரி மூன்று மணிக்கு எழும் பெரியவர் பேரப்பிள்ளைகளைத் தாண்டிக்கொண்டு நடக்க வேண்டியிருக்காது.

யார் எதில் படுப்பது என்பதையும் புக் பண்ணும்போதே பேசிவிடுங்கள். சோபாவை விரித்தால் நடுவில் ஒரு கம்பி முதுகில் இடிக்கும். அது பிள்ளைகளுக்கு விளையாட்டு, முட்டிவலிக்காரர்களுக்குத் தண்டனை. அந்த முதல் தடவை அம்மா, "எனக்கென்னடா, நான் எங்கயும் படுத்துப்பேன்" என்று சோபாவில் படுத்தார். மறுநாள் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

சூட் விலை கட்டுப்படியாகாமல் இரண்டு சாதா அறை எடுப்பதும் நல்ல யோசனைதான். அதில் ஒரு சிறு பொறி உண்டு. 'பக்கத்துப் பக்கத்து அறை' வேறு, 'உள்ளே கதவால் இணைந்த அறை' வேறு. முதல் வகையில் பிள்ளைகளைப் பார்க்க வராந்தா வழியாகத்தான் போக வேண்டும். இரண்டாவதைக் கேட்டாலும் பல ஓட்டல்கள் அதைக் கோரிக்கையாகத்தான் குறித்துக்கொள்ளும், உறுதி தராது. உறுதி உண்டா என்று கேட்டு மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

'பக்கத்தில்' என்றால் எதற்குப் பக்கத்தில்?

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் விழும் குழி இதுதான். டிஸ்னி வேர்ல்டு ஒரு பூங்கா இல்லை. ஏறக்குறைய நூறு சதுர கிலோமீட்டர் நிலம். அதற்குள் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பார்க். எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் நடுவே நடைபாதை உண்டு, மற்றபடி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 'டிஸ்னிக்கு 2 மைல்' என்று ஓட்டல் போட்டிருந்தால் அது அந்த நிலத்தின் எல்லைக்கு 2 மைலாக இருக்கலாம். எல்லைக்குள் நுழைந்த பிறகும் பயணம் பாக்கி இருக்கும். யுனிவர்சல் இன்னும் தனி. டிஸ்னியிலிருந்து பதினைந்து இருபது கிலோமீட்டர் வடகிழக்கே, ஐ-4 நெடுஞ்சாலையில் மாலை நெரிசலோடு. அதிலும் 2025 மே 22இல் திறந்த எபிக் யுனிவர்ஸ், யுனிவர்சலின் பழைய இரண்டு பார்க்குகளுக்கு அருகில் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆக 'யுனிவர்சலுக்கு அருகில்' என்ற சொல்லுக்கே இப்போது இரண்டு அர்த்தம்.

அதனால் முதலில் எந்தெந்த நாள் எந்த பார்க் என்று எழுதுங்கள், அப்புறம் ஓட்டல் தேடுங்கள். மூன்று நாள் டிஸ்னி, இரண்டு நாள் யுனிவர்சல் என்றால் நடுவில் ஓட்டலை மாற்றுவது பெட்டி கட்டும் வேலையைப் பார்த்தால் சலிப்பாக இருக்கும். ஆனால் தினமும் ஐ-4இல் நிற்பதைவிட அது மேல்.

மேஜிக் கிங்டத்தில் இன்னொரு சங்கதி. காரிலோ, டிஸ்னியுடையது அல்லாத வெளி ஓட்டலின் ஷட்டில் பஸ்ஸிலோ போனால் பார்க் வாசலில் இறங்க முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கம் உள்ள போக்குவரத்து மையத்தில் இறங்கி, அங்கிருந்து மோனோரெயிலோ படகோ பிடித்துத்தான் வாசலுக்குப் போக வேண்டும். டிஸ்னி ஓட்டல் பஸ் என்றால் நேரே வாசல் பக்கம் கொண்டுபோய் விடும். வாணவேடிக்கை முடிந்த பத்து மணிக்கு, தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படகுக்கு வரிசையில் நிற்கும்போதுதான் இந்த வித்தியாசத்தின் விலை தெரியும்.

ஆர்ட் ஆஃப் அனிமேஷனிலிருந்து எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் ஸ்கைலைனர் என்ற ரோப் கார் போகிறது. 2019 முதல் ஓடுகிறது. ஸ்ட்ரோலரை மடக்காமல் அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இது பெரிய வசதி. ஆனால் மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள். ஃபுளோரிடாவில் கோடைக்கால மதியம் இடி மின்னல் என்பது நம் ஊர் ஐப்பசி மழை மாதிரி, வராவிட்டால்தான் ஆச்சரியம்.

அந்த மழையும் வெயிலும் இருப்பதால்தான் மதியம் ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, ஐந்து மணிக்கு மறுபடி போவது நல்ல திட்டம். வெளி ஓட்டலின் 'இலவச ஷட்டில்' இதற்கு உதவுமா என்று பாருங்கள். காலையில் இரண்டு நடை, இரவில் இரண்டு நடை, நடுவில் ஒன்றுமில்லை என்று ஓட்டுபவர்கள் உண்டு. சில இடங்களில் முந்தின நாளே பெயர் கொடுத்து இடம் பிடிக்க வேண்டும். நேர அட்டவணையைக் கேட்டு வாங்காமல் 'இலவசம்' என்ற சொல்லில் மயங்காதீர்கள்.

விலைப்பட்டியலின் அடியில் இருப்பவை

திரையில் தெரியும் ஒரு ராத்திரி விலைக்கு மேல் வரி உண்டு. ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்சு கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) 12.5 சதவீதம். பக்கத்து ஊரான கிஸ்ஸிமி பக்கம், ஆசியோலா கவுண்டியில் 13.5 சதவீதம். அதற்கு மேல் சில ஓட்டல்கள் ரிசார்ட் ஃபீஸ் என்று நாளுக்கு இவ்வளவு என்று வாங்கும். முன்பெல்லாம் இது கடைசித் திரையில்தான் எட்டிப் பார்க்கும். 2025 மே முதல் அமலில் இருக்கும் அமெரிக்க மத்திய அரசு விதிப்படி, கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். வரி அதில் சேராது, பார்க்கிங்கும் பெரும்பாலும் சேராது.

பார்க்கிங் சின்ன விஷயம் போலத் தெரியும். டிஸ்னி ஓட்டலில் தங்கினால் ஓட்டலிலும் இலவசம், டிஸ்னி பார்க்குகளிலும் இலவசம். வெளியே தங்கினால் பார்க்கில் நாளுக்கு 30 டாலராவது ஆகும், ஓட்டலிலும் தனியாக வாங்கலாம். யுனிவர்சலின் சொந்த ஓட்டல்களில் தங்குகிறவர்களுக்கே ராத்திரி பார்க்கிங்குக்குக் காசு. நான்கு நாளுக்குக் கூட்டிப் பார்த்தால் 'மலிவான' ஓட்டல் அவ்வளவு மலிவாக இருக்காது.

கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். யுனிவர்சலின் போர்ட்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிஃபிக் மூன்றும் விலை கூடியவை. ஆனால் அங்கே தங்குகிற எல்லோருக்கும் வரிசையைச் சுருக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ், பழைய இரண்டு பார்க்குகளுக்கும் சேர்ந்தே வந்துவிடும். ஐந்து பேருக்கு அதைத் தனியாக வாங்கும் விலையைப் பார்த்துவிட்டு மலைத்துப்போய் ஓட்டலையே மாற்றியவர்கள் உண்டு. எபிக் யுனிவர்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது, அதை மறக்க வேண்டாம்.

பழைய அறிவுரைகளை நம்பி விலையை ஒப்பிடுவதும் நடக்கிறது. ஐந்தாறு வருஷத்துக்கு முன் போய் வந்த மச்சான், 'டிஸ்னி ஓட்டல் எடுத்தா ஏர்போர்ட்டிலிருந்து பஸ் ஃப்ரீ' என்பார். அந்த பஸ் 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இப்போது டிஸ்னி ஓட்டல்காரர்களுக்கு இருக்கும் சலுகை, பார்க் திறப்பதற்கு அரை மணி முன்னதாக உள்ளே போகலாம் என்பதும், வரிசையைச் சுருக்கும் லைட்னிங் லேனை மற்றவர்கள் மூன்று நாள் முன்னால் வாங்கும்போது இவர்கள் ஏழு நாள் முன்னாலேயே வாங்கலாம் என்பதும். காலையில் எழவே முடியாத குடும்பத்துக்கு அந்த அரை மணியால் ஒரு பயனும் இல்லை, அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

கிச்சன் என்ற ஆசை

'கிச்சனெட்' என்று படித்ததும் நாம் மனதுக்குள் ரசம் கொதிக்க விட்டுவிடுவோம். பார்க்கை ஒட்டிய ஃபேமிலி சூட்களில் அது பெரும்பாலும் மைக்ரோவேவ், குட்டி ஃபிரிட்ஜ், காபி மெஷின், ஒரு சிங்க். அடுப்பு இருக்காது. அடுப்பு, பாத்திரம், பெரிய ஃபிரிட்ஜ் எல்லாம் வேண்டுமென்றால் நீண்ட நாள் தங்குபவர்களுக்கான ரெசிடன்ஸ் இன், ஹோம்வுட் சூட்ஸ் வகை ஓட்டல்களைப் பாருங்கள். அங்கேயும் கடுகு தாளிக்கும்போது கூரையில் இருக்கும் புகை அலாரத்தை ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது.

என் அனுபவத்தில் மைக்ரோவேவ் போதும். சாதம் வைத்துத் தயிர் பிசைந்து டப்பாவில் எடுத்துக்கொண்டு போகலாம். டிஸ்னி பார்க்குகளில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவார்கள், கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. எப்காட் ஏரிக்கரையில் உட்கார்ந்து தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிட்ட அன்றுதான் அம்மா முதல் முறையாக 'நல்ல ஊர்' என்றார். யுனிவர்சலில் விதி கொஞ்சம் இறுக்கம். நொறுக்குத்தீனி, குழந்தைச் சாப்பாடு போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இலவச பிரேக்ஃபாஸ்ட்டும் அசைவம் சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம், ரொட்டி, ஓட்ஸ், வாஃபிள் என்ற அளவில் சுருங்கிவிடும். அதற்காக ஓட்டல் விலையில் இருபது டாலர் கூடக் கொடுக்கலாமா என்று யோசியுங்கள்.

போன் பண்ணாமல் புக் பண்ணுவது

இரண்டாவது தடவை போனபோது, ரத்து செய்தால் காசு திரும்பாத சலுகை விலையை நான் தொடவில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் சொல்லிவிட்டா வரும்? ஓட்டலுக்கே போன் போட்டேன். படுக்கையறைக்குக் கதவு இருக்கிறதா, லிஃப்ட் பக்கத்தில் அறை தர முடியுமா, குளிக்கும் இடத்தில் பெரியவர்கள் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா, ஷட்டில் எத்தனை மணிக்கு என்று வரிசையாகக் கேட்டேன். எடுத்த பெண் பொறுமையாகப் பதில் சொன்னார். கதவு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினார். அந்த வகை அறை காலியாக இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அரை மணியில் மின்னஞ்சல் வந்தது. படத்தில் கட்டில் பாதிதான் தெரிந்தது, கதவு முழுசாகத் தெரிந்தது. அன்றைக்கே புக் பண்ணிவிட்டேன்.