டிரோன் பைலட்டின் கூலியில் பிடித்த வரியைத் திரும்பப் பெறுவது எப்படி?

மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடை வந்து, குறுவை நடவு முடிந்தால் டெல்டாவில் மருந்து தெளிக்கும் டிரோன்களுக்கு ஓய்வில்லை. ஓட்டும் பிள்ளைகளில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். டிரோன் நிறுவனத்தோடு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசியவர்கள். அவர்கள் கூலியில் நிறுவனம் பிடிக்கும் வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். கேட்கத் தெரியாமல் விட்டுவிடுகிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். இங்குள்ள வருமான வரிச் சட்டப் பிரிவு எண்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டுவதற்குப் புதிய சட்டத்தின் எண்கள் பொருந்தும்.

படி 1: இது விவசாய வருமானம் அன்று

வயலில் செய்தாலும், அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மருந்து தெளிப்பது தொழில் வருமானம்தான். அறுவடை இயந்திரம் வாடகைக்கு ஓட்டுகிறவருக்கும் அப்படியே. விவசாயிக்குச் செய்யும் பயிர்ப் பாதுகாப்பு வேலைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதை வருமான வரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 2: நீங்கள் ஒப்பந்தக்காரரா, ஊழியரா?

வழக்குகள் எல்லாம் பிறப்பது இங்கேதான். காகிதத்தில் ‘ஒப்பந்தம்’ என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. டிரோன் யாருடையது? எந்த ஊருக்கு எப்போது போவது என்று முடிவு செய்வது யார்? வேறு நிறுவனத்துக்கும் ஓட்டலாமா? உங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்பலாமா? 1956இல் தரங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில், குஜராத் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் இதைத்தான் ஆராய்ந்தது. விளைந்த உப்பின் எடைக்குக் கூலி, வேலை நேரம் கிடையாது, உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும், வேலை செய்யும் விதத்தைக் கட்டுப்படுத்தும் உரிமை முதலாளியிடம் இருந்ததால் அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பு வந்தது. அது தொழிலாளர் சட்ட வழக்குதான். ஆனால் அந்த அளவுகோல் வரி வழக்குகளிலும் எடுத்தாளப்படுகிறது. வேதாரண்யம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதைப் புரிந்துகொள்வது கடினமன்று.

படி 3: 26ஏஎஸ் படிவத்தைத் திறங்கள்

வருமான வரி இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு நுழைந்து, உங்கள் பெயரில் எந்தப் பிரிவில் வரி பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 192 என்றால் சம்பளம். 194சி என்றால் ஒப்பந்த வேலை. தனிநபருக்கு 1 விழுக்காடு. 194ஜே என்றால் தொழில்முறைச் சேவை. பெரும்பாலும் 10 விழுக்காடு. ஏக்கருக்கு 150 ரூபாய் வீதம் 2,000 ஏக்கர் தெளித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூலி 3,00,000. 194சி என்றால் பிடித்தம் 3,000. 194ஜே என்றால் 30,000. தாளடிக்குப் புது பேட்டரி வாங்க வைத்திருந்த பணம் அப்படியே முடங்கிவிடும். சொந்த டிரோனில், ஏக்கர் கணக்கில் செய்யும் வேலைக்கு 194சி பொருத்தம் என்பது என் கருத்து. அதை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசியது கணக்கில் வராது.

படி 4: நோட்டுப் புத்தகம்

தேதி, ஊர், விவசாயி பெயர், பரப்பு, தொகை. விவசாயி நில அளவை ‘ஒன்பது மா’ என்பார். பில்லில் 3 ஏக்கர் என்று எழுதுங்கள். நிறுவனத்துக்கு மாதம் ஒரு பில் கொடுத்து, பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள்.

படி 5: கணக்குத் தாக்கல்

தாக்கல் செய்யாமல் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. ஒப்பந்தத் தொழில் என்றால், வரவில் ஒரு பங்கை லாபமாகக் காட்டும் 44ஏடி பிரிவில், ஐடிஆர்-4 படிவம். வங்கி வழி வரவில் குறைந்தது 6 விழுக்காடு, ரொக்கத்தில் 8 விழுக்காடு லாபம் காட்டலாம். டிரோன் நிறுவனத்துடையது, உங்கள் செலவு பெட்ரோல் மட்டும் என்றால், அந்தக் குறைந்த அளவைக் காட்டாதீர்கள். கையில் நின்றதைக் காட்டுங்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை பொதுவாக வரி இல்லை; நாளை சொந்த டிரோனுக்குக் கடன் கேட்கும்போது வங்கி பார்ப்பதும் இந்தக் கணக்கைத்தான். 26ஏஎஸ் படிவத்தில் 192 அல்லது 194ஜே இருக்க, நீங்கள் 44ஏடி என்று எழுதினால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரக்கூடும். பயப்பட வேண்டாம், ஒப்பந்த நகல், பில், நோட்டுப் புத்தகம் மூன்றையும் வைத்துப் பதில் எழுதுங்கள்.

நிறுவனம் வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டவில்லை என்றால்? பிடித்த தொகையை உங்களிடம் மறுபடி கேட்கக்கூடாது என்று 205ஆம் பிரிவு சொல்கிறது. பில்லில் உள்ள தொகைக்கும் வங்கியில் வந்த தொகைக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் சாட்சி.

ஏப்ரலிலேயே அவசரப்பட்டுத் தாக்கல் செய்யாதீர்கள். கடைசிக் காலாண்டின் பிடித்தத்தைத் தெரிவிக்க நிறுவனங்களுக்கு மே 31 வரை நேரம் உண்டு. ஜூனில் 26ஏஎஸ் படிவத்தை மறுபடி பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.