பிஸ்கட்டா, கோழியா? வீட்டு நாயின் நினைவைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

தீபாவளிக்கு அக்கா குடும்பம் பட்டர்வொர்த் வந்திருந்த வாரம் முழுக்க எங்கள் நாய் கருப்பனுக்கு வேகவைத்த கோழிதான். அவர்கள் கிளம்பிய மறுநாள் வழக்கமான நாய் பிஸ்கட்டை வைத்தேன். முகர்ந்தான், அடுப்படிக் கதவைப் பார்த்தான், போய்ப் படுத்துக்கொண்டான். "கொழுப்பு ஏறிப்போச்சு" என்றார் அம்மா. நேற்றுச் சாப்பிட்டதை நினைத்து இன்றைய தட்டோடு ஒப்பிடுகிறான் என்றுதான் எனக்குப் பட்டது.

1928-இல் டிங்கிள்பா என்ற ஆய்வாளர், குரங்கின் கண்முன்னே வாழைப்பழத்தைக் கிண்ணத்தின் கீழ் ஒளித்துவிட்டு, அதற்குத் தெரியாமல் லெட்யூஸ் கீரையை மாற்றி வைத்தார். குரங்கு கிண்ணத்தைத் தூக்கியது, கீரையைத் தொடாமல் சுற்றிலும் பழத்தைத் தேடியது. 1942-இல் கிரெஸ்பி எலிகளை ஓடவிட்டு இதையே அளந்தார். 256 உணவுத் துணுக்குகள் கிடைத்துவந்த எலிகளுக்குத் திடீரென 16 மட்டும் கொடுத்தபோது, தொடக்கம் முதலே 16 வாங்கிய எலிகளைவிட அவை மெதுவாக ஓடின.

அதைத்தான் வீட்டில் செய்யப்போகிறோம்.

முதலில் தயாரிப்பு. உப்பு, வெங்காயம், மசாலா, எலும்பு இல்லாமல் வேகவைத்த கோழியைப் பிஸ்கட் அளவுக்கே நறுக்குங்கள். கோழிதான் அதிகம் பிடிக்கிறதா என்று பார்க்க, இரண்டையும் இரு தட்டில் வைத்துப் பத்து முறை தேர்ந்தெடுக்கவிடுங்கள். இடம் வலம் மாற்றி மாற்றி வையுங்கள். சில நாய்கள் எதை வைத்தாலும் ஒரே பக்கம்தான் போகும்.

அடுத்தது ஓட்டம். ஒருவர் போர்ச்சில் நாயைப் பிடித்திருக்க, இன்னொருவர் பின்வாசலில் கிண்ணத்தில் ஒரே ஒரு துண்டு வைக்க வேண்டும். விட்டதிலிருந்து வாய் வைக்கும்வரை கைப்பேசியில் நேரம் பாருங்கள். தினம் ஒரே வேளை, சாப்பாட்டுக்கு முன், ஆறு ஓட்டம். முதல் மூன்று நாள் பிஸ்கட், அடுத்த மூன்று நாள் கோழி, ஏழாம் நாள் மறுபடி பிஸ்கட். முதல் மூன்று நாளை விட்டுவிடாதீர்கள். ஒப்பிட அந்தக் கணக்கு இல்லையென்றால் ஏழாம் நாள் எழுதுவது எதற்கும் உதவாது.

மோப்பம்தான் பெரிய தொல்லை. தூரத்திலேயே வாசனை பிடித்துவிட்டால் அது நினைவுக்கான சோதனையே ஆகாது. மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் கோழியும் பிஸ்கட்டும் போட்டு, ஏழு நாளும் கிண்ணத்தருகே வையுங்கள்.

ஏழாம் நாளின் முதல் ஓட்டத்தைக் கவனியுங்கள். மாறியது அதற்கு இன்னும் தெரியாது. கோழி நாட்களின் வேகத்தில் வந்தால் கோழியை நினைத்து வருகிறது. இரண்டாவதிலிருந்து வேகம் முதல் மூன்று நாள் அளவுக்கும் கீழே போனால் அதுதான் ஒப்பீடு. கருப்பன் முதலில் பாய்ந்து வந்தான். மூன்றாவது ஓட்டத்தில் பாதி வழியில் நின்று செருப்பு அலமாரியை முகர்ந்துவிட்டு, நடந்து வந்தான்.

சலிப்பாலும் மெதுவாகலாம். இரண்டாவது நாய் இருந்தால் அதற்கு ஏழு நாளும் பிஸ்கட்டே கொடுத்துப் பாருங்கள். நாய்களிடம் நடந்த ஆய்வுகளிலும் முடிவு எப்போதும் ஒன்றாக வந்ததில்லை, அதனால் உங்கள் நாய் வேகம் குறைக்காவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் இருக்கும் குரங்குகளிடம் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அங்கே உணவு கொடுக்கத் தடை இருக்கிறது. கைத்தீனிக்குப் பழகிய குரங்கு பையைப் பிடுங்கும், கடிக்கும்.

எட்டாம் நாளும் பிஸ்கட்டையே வைத்து, எத்தனை ஓட்டத்தில் பழைய வேகம் திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கருப்பனுக்கு இரண்டு நாள் பிடித்தது.