கிற்றாரைக் கழற்றினால் பாட்டு கனக்கும்: வீட்டில் டப் செய்யும் முறை

டப் என்றால் இங்கே படத்துக்குக் குரல் கொடுப்பது அல்ல. ஒரு பாட்டைப் பாகம் பாகமாகப் பிரித்து, சிலதை எடுத்துவிட்டு, சிலதை எக்கோவில் விட்டு, வேறு விதமாகக் கட்டுவது. அதைத் தொடங்கும் முன் ஒரு அல்பத்தை ஒழுங்காகக் கேளுங்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து இண்டஸ்ட்ரியல் மெட்டல் (இயந்திரச் சத்தம் மாதிரிக் கனத்த கிற்றார் இசை) குழுவான கோட்ஃப்ளெஷ் 1997இல் வெளியிட்ட ‘லவ் அண்ட் ஹேட் இன் டப்’. 1996இல் வந்த தங்கள் ‘சோங்ஸ் ஒஃப் லவ் அண்ட் ஹேட்’ பாட்டுகளையே பிரித்து, வேறு விதமாகக் கட்டியிருக்கிறார்கள். முதலில் மூலத்தைக் கேளுங்கள், அப்புறம் டப்பை. ‘ஓல்மோஸ்ட் ஹெவன்’ பாட்டு டப் அல்பத்தில் இரண்டு வடிவத்தில் இருக்கிறது. மூலத்தோடு சேர்த்து மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். இந்த இசையின் உயிர் பேஸில், அதாவது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஆழமான சத்தத்தில் இருக்கிறது, அது போனில் வரவே வராது. நல்ல ஹெட்போன், இல்லையென்றால் 15 அங்குல ஸ்பீக்கர் பெட்டி. நான் கிளிநொச்சிப் பக்கம் கலியாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் பெட்டி கட்டுகிற ஆள். வேலை முடிந்து பெட்டியை லொறியில் ஏற்றும் முன் இந்த அல்பத்தைப் போட்டு விடுவேன். வெளியில், சுவர் இல்லாத இடத்தில், பேஸ் எப்படி நடக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

இந்த முறையைப் படைத்தவர்களில் முதன்மையானவர் ஜமெய்க்காவின் கிங் டபி. கிங்ஸ்டனில் றேடியோவும் அம்ப்ளிபயரும் திருத்திக்கொண்டிருந்தவர். 1970களில், நாலு ட்ராக் டேப்பை (நாலு பாகம் தனித்தனியாகப் பதிந்த நாடாவை) ஓடவிட்டு, பாடகரின் குரலை எடுத்து, கிற்றாரை எடுத்து, ட்ரம்மையும் பேஸையும் மட்டும் நிற்கவிட்டார். எடுத்ததை இடையிடையே ஒரு துண்டாக எக்கோவில் எறிந்தார். மிக்சரையே வாத்தியமாக வாசித்தார். எங்களைப் போல சோல்டரிங் அயனோடு இருந்த ஒருவர் செய்த வேலை இது என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

சரி, வேலைக்கு வருவோம்.

உங்கள் சொந்தப் பாட்டு என்றால் ட்ரம், பேஸ், கிற்றார், குரல் என்று தனித்தனி பைல் இருக்கும். இல்லையென்றால் டெமுக்ஸ் என்ற இலவச மென்பொருள் ஒரு பாட்டைக் குரல், ட்ரம், பேஸ், மிச்சம் என்று நாலாகப் பிரித்துத் தரும். மற்றவர் பாட்டைப் பிரித்தால் பழகுவதற்கு மட்டும் வைத்திருங்கள், வெளியிட வேண்டாம். நாலையும் றீப்பர் மாதிரி ஒரு ஒலிப்பதிவு மென்பொருளில் ஏற்றுங்கள். லப்டொப்பைப் பெட்டியோடு இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் வந்தால் அது கறண்டின் 50 ஹெர்ட்ஸ். சார்ஜரைக் கழற்றி பற்றறியில் ஓட்டுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். அதை நிறுத்தாமல் பேஸைத் தீர்மானிக்க முடியாது, இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

இப்போது கிற்றாரை முழுதாக மூடுங்கள். மெட்டல் கேட்டுப் பழகியவர்களுக்குக் கை வராது. ஆனால் அந்தக் கிற்றார் சுவர்தான் பேஸை மறைத்துக்கொண்டு நின்றது. அது போனதும் பாட்டு இளகும் என்று நினைப்பீர்கள், கனம்தான் கூடும். கிற்றாரைப் பிறகு, எட்டுச் சுற்றுக்கு ஒரு தடவை, ஒரே ஒரு அடியாகத் திறந்து மூடுங்கள்.

பேஸ் ட்ராக்கை இரண்டாக்குங்கள். ஒன்றில் 300 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டி உருண்டையாக வையுங்கள், அது பாட்டு முழுவதும் ஓடும். மற்றதில் 300க்குக் கீழே வெட்டி, சத்தத்தைக் கரகரக்க வைக்கும் டிஸ்டோர்ஷன் போடுங்கள். கோட்ஃப்ளெஷில் பேஸ் வாசிக்கும் ஜி. சி. கிறீனின் வாசிப்புக்கு இரும்பு உரசுகிற ஒரு கரகரப்பு உண்டே, அது இந்த மேல் பாதியில்தான் வரும். தேவைப்படும் இடத்தில் மட்டும் இதைத் தூக்குங்கள்.

அடுத்தது எக்கோ. இதில் அவசரப்படாதீர்கள். 60,000ஐப் பாட்டின் வேகத்தால் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதால்) பிரித்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லிசெக்கன் என்று வரும். வேகம் 80 என்றால் 750. அதில் முக்கால் பங்கு, 562, டப்புக்கு நன்றாகப் பொருந்தும், அடிகளுக்கு நடுவில் போய் விழும். எக்கோவைத் தனி ட்ராக்கில் போட்டு, வேண்டிய நேரம் மட்டும் அனுப்புங்கள். திரும்பி வரும் சத்தத்தில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3,000க்கு மேலும் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் சேறாகிவிடும். ஃபீட்பேக், அதாவது எக்கோ திரும்பத் திரும்ப வரும் அளவு, 40 சதவீதத்தில் இருக்கட்டும். ஒரு வரியின் கடைசிச் சொல்லை மட்டும் எறிந்து, 80 வரை உயர்த்தி, அது கூடிக்கொண்டு வரும்போது இறக்குங்கள். 100ஐத் தாண்டினால் தன்பாட்டில் ஊளையிடத் தொடங்கும், எல்லா ட்ராக்கும் சேரும் மாஸ்ரரில், சத்தம் எல்லை தாண்டாமல் பிடிக்கும் ஒரு லிமிட்டர் கட்டாயம் வேண்டும்.

எக்கோ ஓடும்போதே அதன் நேரத்தை மாற்றிப் பாருங்கள், டேப் எக்கோ மாதிரியானதில் சுருதி இழுபடும். வன்னியில் கறண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி கசற் கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். சுற்றுகிறவரின் கை களைத்ததும் பாட்டு அப்படித்தான் இழுபட்டுத் தாழும்.

ஸ்னேர் அடிக்கு (ட்ரம்மில் ‘டக்’ என்று கூராகக் கேட்கிற அடிக்கு) பதிலாக உடுக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். காத்தவராயன் கூத்துக்கு அடிக்கிற உடுக்கு. அடி குறுகியது, கயிற்றை இறுக்கினால் சுருதி வளையும், எக்கோவில் அற்புதமாக நிற்கும். கூத்து மேடையில் ஒளித்துப் பதிய வேண்டாம். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாரிடம் கேட்டு, பகலில், மரத்தடியில் வைத்துப் பதியுங்கள். போனே போதும்.

எல்லாம் வைத்தபின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஓட்டத்தில், கையால் வொலியூம்களை ஏற்றி இறக்கிப் பதியுங்கள். மவுஸால் ஒவ்வொரு கோடாகக் கீறினால் செத்துப்போகும். மென்பொருளின் வொலியூமைக் கையால் ஏற்றி இறக்க உதவும் பழைய மிடி கொன்ட்ரோலர் ஒன்று கிடைத்தால் வாங்குங்கள். நாலைந்து ஓட்டம் பதிந்து, கை சரியாகப் பேசிய ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். இந்த இசைக்குத் திருத்தம் குறைவாக இருப்பதுதான் அழகு.

கடைசியாகச் சோதனை. கோயில் மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் போடாதீர்கள், அதில் பேஸே கிடையாது. பெட்டியில் ஒருமுறை, ஓட்டோவில் ஒருமுறை கேளுங்கள். ஓட்டோவில் பேஸ் காணாமல் போனால் வொலியூமைக் கூட்ட வேண்டாம். உருண்டைப் பேஸில் கொஞ்சம் சச்சுரேஷன், அதாவது மெல்லிய டிஸ்டோர்ஷன், சேருங்கள். 120 இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை அதன் நிழல் எழும்பும், சின்ன ஸ்பீக்கரும் அதைப் பிடித்துவிடும்.