வேலூர் போனால் ஆற்காட்டு டெல்லி கேட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்

வெளிநாட்டிலிருந்து வேலூர் வருகிறவர்கள் கோட்டை, ஸ்ரீபுரம் பொற்கோவில், யாருக்காவது சிஎம்சியில் ஒரு செக்கப் என்று முடித்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போகிற வழியில்தான் ஆற்காடு, சுமார் 25 கிலோமீட்டர், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ரயிலென்றால் வாலாஜா ரோட்டில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். 1856இல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இங்கேதான் வந்து முடிந்தது. வீட்டுப் பெரியவர்கள் வட ஆற்காடு என்பார்கள், மேப் ராணிப்பேட்டை மாவட்டம் என்று காட்டும். 2019இல் பிரித்துவிட்டார்கள், குழம்ப வேண்டாம்.

கர்நாடக நவாபுகள் என்கிற ஆற்காட்டு நவாபுகளின் தலைநகரமாச்சே என்று பெரிய கோட்டையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். டெல்லி கேட் என்பது பாலாற்றங்கரையில் ஒரு வளைவு வாசல், அதன்மேல் ஒரு அறை. பார்க்க இருப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் கதை பெரிசு. 1751இல் நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் திருச்சியை முற்றுகையிட்டிருந்தபோது, அவர் படையைப் பிரிக்க ஆங்கிலக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் சுமார் 500 பேரோடு வந்து ஆற்காட்டுக் கோட்டைக்குள் சண்டையே இல்லாமல் புகுந்துவிட்டான். அப்புறம் சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப் வந்து 50 நாள் வளைத்துக்கொண்டார். அரிசி தீர்ந்துவரும்போது, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குப் போடுங்கள், எங்களுக்கு வடிகஞ்சி போதும் என்று நம் சிப்பாய்கள் சொன்னதாக ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்ததுதான், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கடைசித் தாக்குதலில் கதவை இடிக்க நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளை ஓட்டிவந்தார்கள், துப்பாக்கிக் குண்டு பட்டு மிரண்ட யானைகள் திரும்பித் தங்கள் பக்கத்து ஆட்களையே மிதித்துவிட்டன. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முதலில் இதைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 'இதுக்கா வந்தோம்' என்பார்கள்.

ஆற்றில் தண்ணீர் பார்க்க ஆசை என்றால் நவம்பர், டிசம்பரில் மழை பெய்த கையோடு போங்கள், மற்ற நாளில் பெரும்பாலும் மணல்தான். ஏப்ரல், மே வெயில் வேண்டவே வேண்டாம். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும்.

நேரமிருந்தால் பாலத்தைத் தாண்டி ராணிப்பேட்டைப் பக்கம் தேசிங்கு ராஜா, ராணி நினைவிடம். செஞ்சியில் 1714இல் நவாபின் படையோடு மோதி இறந்த அதே தேசிங்குதான்.

மதியம் ஆற்காட்டிலேயே சீரகச் சம்பா பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். பாகில் ஊறிய இனிப்பான மக்கன் பேடாவை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், பாகு ஒழுகிப் பெட்டியில் இருக்கும் பட்டுப்புடவையெல்லாம் பாழாகிவிடும்.