கணினி மாற்றும் முன் மறைந்திருக்கும் கோப்புறையைப் பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் வீடு, மனை விற்பனைத் தொழில் செய்யும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. கணினியை மாற்றும்போது, தொழிலுக்குப் பயன்படுத்தும் மென்பொருளின் கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் போதாது. நாமே வடிவமைத்த ஒப்பந்தப் படிவம், கடிதத் தலைப்பு, 'கத்தா எண்' (சொத்துவரிக் கணக்கு எண்) போல நாமாகச் சேர்த்த கட்டங்கள் ஆகியவை பல மென்பொருள்களில் விண்டோஸின் 'ஆப்டேட்டா' கோப்புறையில்தான் இருக்கும். அது மறைந்திருக்கும். ஃபைல் எக்ஸ்புளோரரின் 'வியூ' பகுதியில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்வு செய்தால் கண்ணுக்குத் தெரியும். மூன்று ஆண்டு உழைப்பில் உருவாக்கிய படிவங்களை நான் இழந்தது இது தெரியாமல்தான்; உங்களுக்கு அந்த வலி வேண்டாம்.

மென்பொருளை மூடிவிட்டு நகலெடுங்கள். திறந்திருக்கும் தரவுக்கோப்பு அரைகுறையாகப் பதிவாகலாம். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றுங்கள். ஆனால் மாற்றும்போது அதிலுள்ளவை அழிந்துவிடும்.

வாடிக்கையாளர் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியல்) எடுப்பவர்கள், எல்லா மொழி எழுத்துகளையும் காக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயரும் கன்னட முகவரியும் வெறும் கேள்விக்குறிகளாகிவிடலாம். புதிய கணினியில் ஒரு படிவத்தையாவது அச்சிட்டுப் பார்க்கும்வரை பழையதை அழிக்காதீர்கள்.