துப்பாக்கியின் மரக்கட்டைக்கு எண்ணெய் ஏற்றுவது எப்படி

குடகில் செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போத் என்னும் ஆயுதத் திருவிழா வரும். அந்த மண்ணின் மக்களான கொடவர்கள் வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைத்துப் பூசைக்கு வைத்து, குழல் வாயில் செங்காந்தள் பூவைச் செருகுவார்கள். அந்தப் பூவுக்கு அங்கே பெயரே ‘தோக் பூ’, அதாவது துப்பாக்கிப் பூ. மழைக்காலம் முழுவதும் ஈரக்காற்றைக் குடித்த மரக்கட்டையின் நிலை அன்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்: மங்கிய நிறம், வெளுத்த திட்டுகள், விரலில் தட்டுப்படும் சொரசொரப்பு. குறையை அன்று குறித்து வைத்துக்கொண்டு, வேலையை டிசம்பருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் எண்ணெய் எளிதில் காயாது.

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் வால்நட் கட்டையை எடுத்துக்கொள்வோம். தோட்டா இல்லை என்பதை இரண்டு குழலிலும் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். குழல்களைக் கழற்றித் தனியே வையுங்கள். விசை இருக்கும் இரும்புப் பகுதியைப் பழகாதவர் கழற்ற வேண்டாம். அதன்மேல் டேப் ஒட்டினால் போதும். ஆனால் தோளில் பதியும் முனையில் உள்ள தகட்டை, இரண்டு திருகையும் கழற்றி அவசியம் எடுத்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டர்பன்டைன் தொட்ட துணியால் பழைய அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடையுங்கள். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணியை மடித்து வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சில நொடிகள் அழுத்துங்கள். நசுங்கிய நார் ஆவியில் உப்பி மேலே வரும். அறுந்துபோன நார் வராது. அந்தக் கீறலை அப்படியே விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

220, 320, 400 எண் உப்புத்தாள்களால் இதே வரிசையில், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். இரும்பும் மரமும் சேரும் விளிம்பில் கை வைக்காதீர்கள். அங்கே மரம் இரும்பைவிடத் தாழ்ந்துவிட்டால் மீட்க வழியில்லை. பிடியில் கட்டம் கட்டமாகச் செதுக்கியிருந்தால் அங்கே உப்புத்தாளே கூடாது, பழைய பல்துலக்கி போதும். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். மெல்லிய நார்கள் முள்போல எழும்பும். அவற்றை 400 தாளால் லேசாக நீவிவிடுங்கள். இன்னொரு முறையும் இப்படியே.

இனி எண்ணெய். பெயின்ட் கடையில் ‘டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று கேளுங்கள், ஆளி விதை எண்ணெய்தான். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இது மரத்துக்குள்ளேயே இறுகும். தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது. பிசுபிசுப்பாகவே கிடந்து தூசியைப் பிடிக்கும். முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதையெல்லாம் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அடுத்த பூச்சுகளுக்குச் சில சொட்டுகளே போதும். உள்ளங்கையால் சூடு ஏறும்வரை தேய்க்க வேண்டும். இரண்டாவது பூச்சின்போது எண்ணெய் ஈரத்திலேயே 400 தாளால் தேய்த்தால், மரத்தூளும் எண்ணெயும் குழைந்து வால்நட்டின் துளைகளை அடைத்துவிடும். ஆறேழு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள். தடித்த ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் அது மாதக் கணக்கில் கையில் ஒட்டும்.

இப்போது அந்தத் தகட்டுக்கு வருவோம். மரத்தைக் குறுக்கே அறுத்த முகம் அதன் பின்னால் ஒளிந்திருக்கிறது. மரத்தின் நீர்க்குழாய்களெல்லாம் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன. வெளியே கண்ணாடிபோல மெருகேற்றிவிட்டு இந்த முகத்தைப் பச்சையாக விட்டால், அடுத்த மழையின் ஈரம் முழுவதும் இதன் வழியாகத்தான் ஏறும். கட்டை உப்பும், சுருங்கும், பிறகு வெடிக்கும். பார்க்கிற பக்கத்துக்கு எத்தனை பூச்சோ, இதற்கு அதைவிட இரண்டு கூடுதலாக, மரம் இனிக் குடிக்காது என்னும்வரை கொடுங்கள். திருகுத் துளைகளுக்குள்ளும் ஒரு சொட்டு விடுங்கள்.

எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் எறியவே கூடாது. ஆளி எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

கடைசிப் பூச்சு இறுகி ஒரு வாரம் ஆனதும் தேன்மெழுகு கலந்த பாலிஷை மெல்லத் தடவித் துடைத்து, தகட்டைப் பூட்டுங்கள். இரும்புக்கு எண்ணெய் போட்ட நாட்களில் துப்பாக்கியைக் குழல் வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். குழல் வாய் மேலே இருக்கும்படி நிறுத்தினால் அந்த எண்ணெய் வழிந்து கட்டையின் கழுத்தில் இறங்கும். மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும்.