செட்டிநாட்டில் குடியேற வருகிறீர்களா? காரைப் பற்றிக் கொஞ்சம்

கோலாலம்பூர், சிங்கப்பூர், துபாய் என்று இருந்துவிட்டு, ஐயா (தாத்தா) காலத்து வீட்டைத் திறந்து பெருக்கிக் குடியேறுகிறவர்கள் பால் காய்ச்சிய கையோடு கேட்பது ஒன்றைத்தான்: "ஒரு கார் எடுத்துப் போட்டுறலாமா?"

எடுங்கள். ஆனால் 'போட்டுவிடாதீர்கள்'. இந்த ஊரில் வண்டி ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் எந்தக் கார் கொட்டகையை எட்டிப் பார்த்தாலும், உறை போட்டு மூடிய வண்டி ஒன்று கல்யாணத்துக்கும் கோயில் படைப்புக்கும் மட்டும் வெளியே வரும். அப்படி வெளியே வருகிற நாளில் பேட்டரி இறங்கியிருக்கும், டயரின் அடிப்பக்கம் தட்டையாகியிருக்கும், ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொண்டு விடாது. வருஷத்தில் நாலைந்து மாதம்கூட இங்கே இருக்க மாட்டீர்கள் என்றால், வாங்காமலே இருப்பது லாபம். வாடகைக் காரையும், நாள் சம்பளத்துக்கு வரும் ஆக்டிங் டிரைவரையும் வைத்தே ஓட்டிவிடலாம்.

அங்கே ஓட்டிய காரையே கப்பலில் ஏற்றிவரலாமா என்றும் கேட்பார்கள். பழைய காருக்கு இங்கே கட்டும் இறக்குமதி வரி வண்டியின் மதிப்பையே தாண்டும். அந்த ஆசையை அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள்.

லைசென்ஸ்

சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவந்தால் அது ஒரு வருஷம்தான். நிரந்தரமாக இருக்கப்போகிறவர் இங்கேயே லைசென்ஸ் எடுத்துவிடுவது நல்லது. முதலில் எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம். அது 6 மாதம் செல்லும். அதை வாங்கி 30 நாள் கழிந்த பிறகுதான் ஓட்டிக்காட்டப் போக முடியும். முகவரிச் சான்றுக்கு ஆதார் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். வெளிநாட்டுக் குடியுரிமையோடு ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர், முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருந்தால்தான் ஆதார் கேட்க முடியும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு கார் வாங்கும் மாதத்தைத் தீர்மானியுங்கள்.

இன்னொன்று, செட்டிநாடு என்பது ஒரே மாவட்டம் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை மாவட்டம். வண்டி எண் டி.என். 63-ல் தொடங்கும். ராயவரம், அரிமளம், கடியாபட்டி எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம், அங்கே டி.என். 55. வீடு எந்தப் பக்கம் விழுகிறதோ, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையும் வழக்கமாக அந்தப் பக்கம்தான். காரைக்குடியில் சாப்பிட்டு, காரைக்குடியில் சாமான் வாங்கினாலும் கடியாபட்டிக்காரர் புதுக்கோட்டைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

புது வண்டி

ஷோரூம் விலையைப் பார்த்துப் பட்ஜெட் போடாதீர்கள். 'ஆன்ரோடு எவ்வளவு' என்று கேட்டு, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. சின்னக் கார் என்றால் நாலு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி.க்குள். அதற்கு மேல் போனால் 40 சதவீதம்.

அதற்கப்புறம் தமிழ்நாட்டு ஆயுள் வரி. 2023 நவம்பரில் உயர்த்தினார்கள்: 5 லட்சத்துக்குள் 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, அங்கிருந்து 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் பத்து லட்சக் கோட்டைக் கவனியுங்கள். 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு வரி சுமார் 1,28,700. அதே மாடலில் கொஞ்சம் மேலே போய் 10 லட்சத்து 10 ஆயிரத்துக்கு எடுத்தால் 1,81,800. இருபதாயிரம் ரூபாய்க்குக் கூரையில் ஒரு கண்ணாடி வாங்கப் போய், வரியாக மட்டும் ஐம்பத்து மூவாயிரம் சேர்த்துக் கட்டுகிறீர்கள்.

இன்ஷூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்கவேண்டும் என்று சட்டமில்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுக்கொண்டு வந்து பேசினால் அவர்களே குறைப்பார்கள். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்குச் சேர்த்துத்தான் எடுக்கவேண்டும். நம் வண்டிக்கான சேதக் காப்பீட்டை வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ளலாம். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு தொகை போட்டிருந்தால் எதற்கு என்று கேளுங்கள். கேட்டாலே பாதி நேரம் மறைந்துவிடும்.

ஆடியில் நம்மவர்கள் வண்டி எடுக்க மாட்டார்கள். அதனாலேயே ஷோரூம்காரர்கள் இறங்கிவருவார்கள். பணத்தை ஆடியில் கட்டி விலையைப் பேசி முடித்துவிட்டு, டெலிவரியை ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்வது இங்கே சாதாரணம். டிசம்பர் தள்ளுபடியும் பெரிதாகத் தெரியும். ஆனால் பத்து நாளில் அது 'போன வருஷத்து வண்டி' ஆகிவிடும். விற்கும்போது அந்த வித்தியாசத்தை எதிராளி பிடித்துக்கொள்வார். பத்து வருஷம் வைத்து ஓட்டப்போகிறவருக்கு டிசம்பர் சரி, மூன்று வருஷத்தில் மாற்றுகிறவருக்குச் சரிப்படாது. வண்டி எடுத்ததும் பிள்ளையார்பட்டிக்குப் போய் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வருவது உங்கள் விருப்பம். பக்கத்து வீட்டு ஆச்சி எப்படியும் கேட்பார்.

பழைய வண்டி

ஊரில் கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பவருக்கு நான் பழைய வண்டியைத்தான் சொல்வேன். ஆனால் மூன்று வகை வண்டியிடம் எச்சரிக்கை வேண்டும்.

ஒன்று, வெள்ளத்தில் நின்ற வண்டி. சென்னையில் 2015-லும் 2023 டிசம்பரிலும் முங்கிய கார்கள் துடைத்துப் பளபளவென்று தென்மாவட்டங்களுக்கும் வரும். வாசனைத் திரவியம் அடித்திருப்பார்கள், அதனால் மூக்கை நம்பாதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். தினமும் இழுக்கிற பகுதி சுத்தமாக இருக்கும்; உள்ளே சுருண்டு கிடக்கிற கடைசி முழத்தில் சேற்றுக் கோடு தெரியும். அப்புறம் டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி, அது ஓடுகிற தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியைத் தடவிப் பாருங்கள். இந்த மூன்றும் அஞ்சு நிமிஷ வேலை.

இரண்டு, டெல்லி வண்டி. அங்கே பத்து வருஷமான டீசல் காரையும் பதினைந்து வருஷமான பெட்ரோல் காரையும் ஓட்டக்கூடாது என்ற தடையால் அவை சல்லிசாக இறங்கின. விலையைக் கேட்டால் வாய் ஊறும். தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, எண் மாற்றி முடிக்கும்போது அந்த லாபம் கரைந்திருக்கும். சான்று கையில் இல்லாமல் "அது பின்னாடி வந்துரும்ணே" என்று சொல்கிற தரகரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மூன்று, கடன் தீராத வண்டி. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வங்கியின் பெயர் இருக்கிறதா என்று எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டாலே தெரியும். இருந்தால், வங்கிச் சான்றும் படிவம் 35-உம் இல்லாமல் பணம் கைமாறக்கூடாது. அபராதச் சலான் பாக்கியையும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றுங்கள். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதைச் செய்யாமல் ஓட்டி, வண்டி மோதிய பிறகு கேட்டால், பாலிசி இருக்கும், உங்களுக்குப் பணம் வராது.

ஐயா பெயரில் இருக்கிற கார்

இது செட்டிநாட்டுக்கே உரிய தலைவலி. கொட்டகையில் அம்பாசடரோ பியட்டோ நிற்கும். ஆர்.சி. காலமான ஐயா பெயரில் இருக்கும். வீட்டில் நாலு பங்காளிகளுக்கு உரிமை. ஓடுகிற நிலையில்தானே இருக்கிறது என்று சாவியைப் போட்டுக் குன்றக்குடிக்குக் கிளம்பிவிடாதீர்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 மூலம் பெயர் மாற்றியிருக்க வேண்டும். வருஷக்கணக்கில் தாண்டியிருந்தால் அபராதத்தோடு முடிக்கலாம். ஆனால் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் வேண்டும். ஒரு பெரியப்பச்சி (பெரியப்பா) மலேசியாவில் ஈப்போவிலும் இன்னொருவர் சென்னையிலும் இருந்தால் இதுவே ஆறு மாதம் இழுக்கும். தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம்தான். அதன்பின் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கவேண்டும், பசுமை வரியும் உண்டு. இத்தனைக்கும் துணிந்தவர் பாசத்துக்காகச் செய்யலாம், போக்குவரத்துக்காகச் செய்ய வேண்டாம். நீங்கள் வாங்கும் புது வண்டிக்கு மட்டும் ஆர்.சி.யிலேயே நாமினி பெயர் சேர்த்துவிடுங்கள். அடுத்த தலைமுறை உங்களைத் திட்டாது.

நிறுத்தி வைக்கும் கலை

எலிதான் முதல் எதிரி. பெரிய வீடு, பூட்டிய கட்டு, பின்கட்டில் பழைய சாமான் என்றால் எலி இல்லாமல் இராது. பானட்டுக்குள் ஏறி வயரைக் கடித்தால் எலக்ட்ரீஷியன் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். இங்கே வழக்கம், ராத்திரி பானட்டைத் திறந்தே வைப்பது. இருட்டும் கதகதப்பும் இல்லாவிட்டால் எலி தங்காது. புகையிலையைத் துணியில் கட்டி இன்ஜினுக்குள் தொங்கவிடுவார்கள். பழைய வாசம் போனதும் மாற்றவேண்டும். கார் கொட்டகையில் நெல் மூட்டையும் வைத்துக்கொண்டு புகையிலை கட்டிப் பிரயோஜனமில்லை.

மாதக்கணக்கில் வெளியே போகும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், அதனால் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் விடாதீர்கள். நம்பிக்கையான ஆள் இருந்தால், முனையைக் கழற்றாமல் அவரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவரச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே அஞ்சு நிமிஷம் உறும விட்டு அணைப்பது பேட்டரிக்கு நல்லதில்லை. பேட்டரி ஆராய்ச்சி செய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953-லிருந்து காரைக்குடியில்தான் இருக்கிறது. அதனால் நம் ஊர் பேட்டரிக்கு ஆயுசு கூடிவிடவில்லை.

மயில் செய்யும் சேட்டையை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து வேறு மயில் என்று கொத்தும், பெயின்ட் போய்விடும். வெயிலில் நிறுத்தினால் பக்கவாட்டுக் கண்ணாடிக்குத் துணிப்பை மாட்டுங்கள்.

போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. செம்மண் புழுதியால் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். சர்வீஸ் புத்தகம் சொல்கிற கிலோமீட்டருக்கு முன்பே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மெக்கானிக்

வாரன்டி இருக்கிற வரை கம்பெனி சர்வீஸ். அதற்கப்புறம் ஊர் வொர்க்ஷாப்தான் சிக்கனம், நல்ல ஆளாக இருந்தால் வேலையும் சுத்தம். எப்படிக் கண்டுபிடிப்பது? கழற்றிய பழைய பாகத்தைக் கேளுங்கள். கேட்காமலே பையில் போட்டுப் பின்சீட்டில் வைக்கிறவர் நல்ல ஆள். "அதெல்லாம் போட்டாச்சு சார்" என்கிறவரிடம் அடுத்த தடவை போகாதீர்கள். டிங்கரிங், பெயின்ட், ஏ.சி. ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள். எல்லாம் நானே பார்ப்பேன் என்கிறவர் வெளியே கொடுத்துத்தான் வாங்குவார். ஊரில் அதிகம் ஓடாத மாடல் வாங்கினால் ஒரு சின்ன ரப்பர் புஷ்ஷுக்கும் மதுரை அல்லது திருச்சியிலிருந்து பார்சல் வரவேண்டும். எனவே வாங்கும் முன் தெருவில் எந்த மாடல் அதிகம் நிற்கிறது என்று பாருங்கள்.

ரோட்டில்

பெட்ரோல் பங்கில் ஜீரோவைப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். ஃபாஸ்டேக் கட்டாயம், இல்லாமல் டோலுக்குப் போகாதீர்கள். திருச்சி விமான நிலையத்துக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டேக் வருஷப் பாஸ் கணக்குக்கு ஒத்துவரும், 200 தடவை டோல் தாண்டலாம்.

இருட்டிய பிறகு மாடு, பின்விளக்கில்லா டிராக்டர், அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே காயும் நெல் என்று எல்லாம் வரும். தை மாதம் பழனிக்குக் காவடி எடுத்து நடக்கிறவர்கள் குன்றக்குடி வழியே ராத்திரியும் போவார்கள், அந்தப் பக்கம் வேகம் வேண்டாம். சிராவயல் மஞ்சுவிரட்டு அன்று திருப்பத்தூர் ரோட்டில் போகவே போகாதீர்கள். விபத்து என்றால் 108. நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033.

வந்த புதிதில் முதல் மாதம் மட்டும் ஒரு ஆக்டிங் டிரைவரை வைத்துக்கொண்டு பக்கத்துச் சீட்டில் உட்காருங்கள். நாள் சம்பளத்தோடு சாப்பாடு உங்களுடையது, ராத்திரி தங்கினால் படி தனி. கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.